நிலை வைத்த நாலாம் நாள்

இந்திராணிக்குப் பயம் என்பது காய்ச்சல் மாதிரி வந்து போகிற சமாசாரம் இல்லை, கூடவே பிறந்தது. அம்பாசமுத்திரத்தில் கழுத்தை நீட்டி டில்லிக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவள் பயப்படாத ஒரு பொருளைச் சொல்லுங்கள் என்றால், அவள் வீட்டுக்காரர் பாலசுப்ரமணியம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் "தயிர்" என்பார். லிஃப்டுக்குப் பயம், நகரும் படிக்கட்டுக்குப் பயம், குரங்குக்கும் பல்லிக்கும் பயம், குக்கரில் விசில் வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு வங்காளி அம்மாள் சாயங்காலம் சாம்பிராணி போட்டதைப் பார்த்துவிட்டுத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தவள் இவள்தான். வந்தவர்கள் அந்த அம்மாள் கையால் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் இவள் எதைச் சொன்னாலும் அந்தக் காலனியில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்படிப்பட்ட மகராசியைத்தான் வீடு கட்டுகிற இடத்துக்கு மேற்பார்வை பார்க்க அனுப்பினார் பாலசுப்ரமணியம். கேட்டால், வேறு ஆள் ஏது என்பார். அவர் செக்ஷன் ஆபீசர். ஜூனில் ரிட்டயர்மென்ட், அதுவரை ஃபைலை விட்டு நகர முடியாது. மகன் கௌதமன் குருகிராமில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பகல் என்று ஒன்று உண்டு. ஆகவே தினமும் காலையில் ஐ.என்.ஏ.யில் மெட்ரோ ஏறி, மாறி, துவாரகா மோடில் இறங்கி, ஈ-ரிக்ஷாவில் குலுங்கிக்கொண்டு போய், நூறு கஜ மனையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் இந்திராணி. "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திரு. யாரோ பாக்காகன்னு தெரிஞ்சா அவன் ஒழுங்கா செய்வான்," என்று சொல்லியிருந்தார் அவர்.

சும்மா உட்காருகிற ஜாதியா இவள்? கையில் ஒரு பழைய டைரி வைத்திருந்தாள். அதில் ஒரு வரிசை எழுதியிருந்தது. அவளுடைய அண்ணன் சங்கரபாண்டியன் ஊரில் வீடு கட்டிக் கொடுக்கிறவர். இருபது முப்பது வீடு பார்த்தவர். வீடு கட்டும் வேலை எதற்குப் பின் எது என்று அவர் போனில் சொல்லச் சொல்ல, இவள் எழுதிக்கொண்டது. பள்ளமாக வானம் தோண்டுவது, அஸ்திவாரம், பேஸ்மட்டம், அதற்கு மேல் வாசல் நிலையை நிறுத்துவது, பிறகு சுவர், ஜன்னல் உயரம் வந்ததும் லிண்டல், அதற்குப் பிறகு மேல்தளம், பூச்சு, தரை, வெள்ளையடிப்பு, கடைசியில் பால் காய்ச்சுவது. "வரிசை மட்டும் தப்பக் கூடாது, கேட்டியா? ஒண்ணு முடிஞ்சா டிக் போட்டுக்கோ," என்றிருந்தார் அண்ணன். அண்ணன் வாக்கு அவளுக்கு வேத வாக்கு. பயப்படுகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டுமே.

பேஸ்மட்டம் வரைக்கும் டிக் ஒழுங்காக விழுந்தது. அதற்குப் பிறகுதான் டில்லி தன் வேலையைக் காட்டியது. கான்ட்ராக்டர் சௌத்ரி சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. தூணை எழுப்பினான். தூணுக்கு மேல் தூண் எழுப்பாத குறைதான். பிறகு மனை முழுக்கக் கம்பு கம்பாக முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, கம்பி கட்டி, ஒரே நாளில் மேல்தளத்துக்குக் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டான். கீழே ஒரு செங்கல் கிடையாது, மேலே கூரை. அதோடு விட்டானா, தெருப் பக்கம் நாலடிக்குத் தூணே இல்லாமல் தளத்தை நீட்டி, "பால்கனி, ஆன்ட்டிஜி, முன்வாசலுக்கு நிழல்" என்றான். இந்த ஊரில் வீடு இப்படித்தான் கட்டுகிறார்கள். எலும்புக்கூடு முதலில், சுவர் பிறகு, கதவு நிலை எல்லாவற்றுக்கும் பிறகு. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்திராணியின் டைரியில் "நிலை" என்ற வரிக்கு எதிரே டிக் இல்லாமல், மூன்று வரி தாண்டித் தளத்துக்கு டிக் விழுந்திருந்தது. அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போதாத குறைக்குக் கார்த்திகை முடியப் போகிறது. மார்கழி பிறந்தால் நிலை வைக்க முடியாது. மனை வாங்கின வருஷம் பூமி பூஜை போடாமல் சும்மா வேலி அடித்தார்கள். அந்த வருஷமே பாலசுப்ரமணியத்துக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று நாம் சண்டை போடலாம். இந்திராணி போட மாட்டாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, நிலை இன்னும் வைக்கலண்ணே."

"என்னட்டி சொல்லுத? மார்கழி பொறக்கப் போவுதுல்லா. வார வியாழக்கெழமை நல்ல முகூர்த்தம். வச்சிரு. வாசல் இல்லாம வீட்ட மார்கழி முழுக்கப் போட்டு வைக்காத."

இவ்வளவுதான் பேச்சு. மேலே தளம் போட்டாயிற்று என்று இவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நிலை வைக்காமல் தளம் போடுவார்களா என்ன? அது கேட்க வேண்டிய கேள்வியாகவே அம்பாசமுத்திரத்துக்குத் தோன்றவில்லை.

மேஸ்திரி ஹர்பிரசாத் முடியாது என்றான். அவன் நல்லவன்; ஜான்சிப் பக்கத்து ஆள்; அதிகம் பேச மாட்டான். "மேடம்ஜி, மேலே லேண்டர், அந்தத் தளம், போட்டு ஆறு நாள்தான் ஆச்சு. பச்சையா இருக்கு. குளிர் வேற. முன்பக்கத்து முட்டுக் கம்பை இப்போ தொடக் கூடாது," என்றான். நிலை நிற்க வேண்டிய இடத்திலும் அதற்கு முன்னால் பால்கனிக்கு அடியிலும் முட்டுக் கம்புகள் நெருக்கமாக நின்றன. அவற்றை எடுக்காமல் நிலையை நிறுத்த இடமில்லை.

இந்திராணி கெஞ்சினாள். முப்பத்திரண்டு வருஷமாகக் காய்கறிக்காரனிடம் மட்டும் பேசிப் பழகிய இந்தி அவளுடையது. அந்த இந்தியில் மார்கழியைப் பற்றி விளக்க முடியாமல் அழுதே விட்டாள். சௌத்ரிக்குப் போன் போட்டால் ரோத்தக்கில் யாருடைய கல்யாண ஊர்வலத்திலோ நின்றுகொண்டு, பேண்டு சத்தத்துக்கு நடுவே "கர் தோ, கர் தோ," செய்துவிடு என்று கத்தினான். அவனுக்கு எது காதில் விழுந்ததோ கடவுளுக்கே வெளிச்சம். பாலசுப்ரமணியமோ, "அவ சொல்லறதைச் செஞ்சிருய்யா. இல்லாட்டி என்னையத் தூங்க விட மாட்டா," என்று மேஸ்திரியிடம் போனில் இந்தியில் சொல்லிச் சிரித்தார். ஹர்பிரசாத் தலையைச் சொறிந்துகொண்டு, நிலைக்கு நேராக இருந்த மூன்று கம்பை மட்டும் எடுத்தான்.

மூன்றோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. வாத்தியார் வந்து ஹோமம் வளர்க்க இடம் கேட்டார். இன்னும் இரண்டு போயிற்று. கிட்வாய் நகரிலிருந்து வந்த நாலு குடும்பம் எங்கே நிற்பது? "பையா, அதையும் எடுத்திரு, பூஜை முடிஞ்சதும் வச்சிரலாம்," என்றாள் இந்திராணி. இன்னும் நாலு. ஆக ஒன்பது கம்பு. எடுத்துப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் அடுக்கக் கை கொடுத்தது, அங்கேயே தங்கி வேலை செய்கிற ராம்கலி. அவளும் ஹர்பிரசாத்தின் ஊர்தான், இருபத்திரண்டு வயசிருக்கும், ஐந்து மாதக் கைக்குழந்தை முன்னியை முதுகில் கட்டிக்கொண்டே மணல் சுமப்பாள்.

நிலை எழும்பியது. அடியில் நவதானியமும் ஒரு பொட்டுத் தங்கமும் வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அத்தனை பேரும் அந்தப் பால்கனிக்கு அடியிலேயே நின்றார்கள். இந்திராணி பட்டுப் புடவையில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நடுநாயகமாக நின்றாள். அண்ணாந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு எதற்கும் பயமில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அமைந்தது அவளுக்கே ஆச்சரியம். எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். ராம்கலிக்கு இரண்டு கொடுத்தாள். ராத்திரி டைரியில் விட்டுப்போன இடத்தில் டிக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

முட்டுக் கம்பை நாளைக்கு வைக்கிறேன் என்றிருந்தான் ஹர்பிரசாத். அந்த நாளைதான் வரவில்லை. அன்று சாயங்காலமே காற்று கெட்டுப்போய்விட்டதென்று ஊர் முழுக்கக் கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. டில்லியில் வருஷா வருஷம் நடக்கிறதுதான். சுத்தியல் சத்தம் கேட்டாலே அபராதம். வேலையாட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறினார்கள், ஹர்பிரசாத்தும் போனான். சிமெண்டுக்கும் கம்பிக்கும் காவலாக, தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற, ராம்கலியும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். அவள் புருஷனும் கும்பலோடு ஊருக்குப் போயிருந்தான்.

இந்திராணிக்கு இருமல். புகைமூட்டத்தில் வெளியே போகாதே என்று பாலசுப்ரமணியம் தடுத்துவிட்டார். மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தாள். முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது அந்த ஒன்பது கம்பு ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் அது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. வெளியே சொல்லவும் பயம். சொன்னால், எடுக்கச் சொன்னது யார் என்று கேட்பார்களே. அழுது பிடிவாதம் பிடித்தது யார் என்று கேட்பார்களே. இரும்பு மாதிரி கான்கிரீட், அது எங்கே போகப் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவள் பயத்தை ஊரே நம்புவதில்லை. அந்த ஒரு தடவை அவளும் நம்பாமல் இருக்கப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலை ராம்கலியிடமிருந்து போன். "பீபிஜி, மேலே முன்பக்கத்துப் பாத்தியிலே தண்ணி நிக்கவே மாட்டேங்குது. ஊத்த ஊத்தப் போயிடுது."

தளம் இறுகுவதற்காக மேலே மண்ணால் சின்னச் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். மற்றப் பாத்தியெல்லாம் நிற்கிற தண்ணீர் முன்பக்கத்தில் மட்டும் ஏன் நிற்கவில்லை? இந்திராணி அடுப்பை அணைத்தாள். புடவையைச் சுற்றிக்கொண்டு, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

போய் இறங்கியவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அடுப்பு. அதுவரை ராம்கலி மணல் குவியலுக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில்தான் குடியிருந்தாள். தளத்துக்குக் கீழே முழுக்க முட்டு. கால் நீட்ட இடம் கிடையாது. இப்போது முன்வாசலில் ஒன்பது கம்பு எடுத்த இடம் விசாலமாக இருந்தது. தலைக்கு மேல் மறைப்பு. தெருப் பக்கமிருந்து கொஞ்சம் வெயிலும் வரும். ஆகவே அடுப்பு, பாய், ரஜாய்ப் போர்வை, தகர டப்பா எல்லாம் பால்கனிக்கு நேர் கீழே வந்துவிட்டன. பாயில் முன்னி மல்லாந்து படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். ராம்கலி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ராம்கலிக்கென்று இந்திராணியே இடம் ஒதுக்கிக் கொடுத்தது போலவே இருந்தது.

தள்ளிப் போ என்றால் ஏன் என்று கேட்பாளே என்று, இந்திராணி முதலில் புருஷனுக்குப் போன் போட்டாள். மீட்டிங்கில் இருந்தார். "மேல ஏறிப் போட்டோ எடுத்து உங்க அண்ணனுக்கு அனுப்பு. எனக்கென்ன தெரியும்? சும்மா பயந்து சாகாத," என்று வைத்துவிட்டார். மூங்கில் ஏணி ஒன்று பால்கனியின் வெளி விளிம்பில் சாத்தியிருந்தது. மேலே போக அது ஒன்றுதான் வழி. படிக்கட்டு இன்னும் கட்டவில்லை. ஸ்டூலில் ஏறிப் பரணைத் துடைக்கவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறவள், அந்த ஏணியில் எப்படி ஏறினாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முருகா முருகா என்று பதினோரு படி.

மேலே நாலைந்து பாத்தியில் வானம் தெரியாமல் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றது. முன் பாத்தி காய்ந்து கிடந்தது. பால்கனி வீட்டோடு சேருகிற இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கோடு. பென்சிலால் கிழித்தது மாதிரிதான் இருந்தது. தாலிச் சங்கிலியிலிருந்து ஊக்கைக் கழற்றி அதற்குள் விட்டுப் பார்த்தாள். ஊக்கு தலைவரைக்கும் உள்ளே போயிற்று. ஊக்கை அப்படியே விட்டுவிட்டாள். எப்படியோ போட்டோ எடுத்து அனுப்பினாள். அரை நிமிஷத்தில் அண்ணனே கூப்பிட்டார்.

"இது எந்த எடம்ட்டி?"

"முன்வாசலுக்கு மேலண்ணே. நீட்டி விட்டிருக்காவல்லா, அது."

"மேலயா? தளமா? எப்பம் போட்டாவ?"

"பத்து நாளாச்சு."

"நிலை எப்பம் வச்ச?"

"நாலு நாளாச்சுண்ணே."

அந்தப் பக்கம் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"தளம் போட்ட பொறவா நிலை வச்ச?" என்றார் அண்ணன். குரல் சின்னதாகிவிட்டது. "கீழ முட்டு இருக்கா?"

"எடுக்கச் சொல்லிட்டேன்."

"எத்தன?"

"ஒம்பது."

சங்கரபாண்டியன் சத்தம் போடுகிற மனுஷர். ஆளை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி திட்டுவார். இப்போது திட்டவில்லை. இந்திராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இந்திரா, நான் சொல்லுதத மட்டும் கேளு," என்றார். "நீ நிக்க எடத்துல இருந்து மெதுவாப் பின்னால போ. ஓடாத. தூணுக்குக் கிட்டப் போயி நில்லு. போயிட்டியா? கீழ யாரும் இருக்காவளா?"

கீழேயிருந்து ரொட்டி வாசனை வந்துகொண்டிருந்தது.

பின்னால் போய்த் தூணின் நீட்டிக் கொண்டிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ராம்கலி, பாஹர்! பாஹர் ஜாவோ!" வெளியே போ என்று கத்தினாள். ராம்கலி எட்டிப் பார்த்தாள்; ஏணியைப் பார்த்தாள். "வாங்க பீபிஜி, நான் பிடிச்சிக்கறேன்," என்று ஏணியின் அடியில் வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விளிம்புக்குக் கீழே நின்றாள். "ஹட்டோ, ஹட்டோ," தள்ளிப் போ என்றாள் இந்திராணி. "என்ன, குரங்கா?" என்று சிரித்தாள் ராம்கலி. அவளுக்கு இந்த மேடத்தைத் தெரியாதா? மூன்று மாதமாகத் தினம் ஒரு கூப்பாடு. குரங்கு, தேள், கரண்டு வயர், எதிர்வீட்டு நாய். முன்னி பாயில் கிடக்கிறாள், ரொட்டி கல்லில் கருகுகிறது, இவள் ஏணியை விடவில்லை.

முன்னால் போய்க் கையை நீட்டி ஏணியை மேலே இழுக்கவா? இந்திராணியின் எடையும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போனால்? யோசிக்க நேரமில்லை. வரப்பிலிருந்து ஒரு ஈரமண் கட்டியைப் பெயர்த்துத் தெருப் பக்கம் எறிந்தாள். இன்னொன்று எறிந்தாள். கையில் அகப்பட்ட அரைச் செங்கலையும் எறிந்தாள். அது ஏணிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. ராம்கலி வெலவெலத்துப் போனாள். மேடத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்து, ஏணியை விட்டுவிட்டு ஓடினாள். எங்கே ஓடினாள்? மேலேயிருந்து கல் விழுந்தால் எல்லோரும் எங்கே ஓடுவார்கள்? பால்கனிக்கு அடியில் ஓடி, குழந்தையின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

இந்திராணிக்கு அப்போது வந்தது பயம் இல்லை. பயத்துக்கு அவளிடம் முப்பது வகை உண்டு. இது அதில் எதிலும் சேராது. நான்தான் அவளை உள்ளே விரட்டினேன் என்று ஒரே ஒரு நினைப்பு. அண்ணன் போனுக்குள் "இந்திரா, இந்திரா" என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம் அவள் வாயில் வந்தது.

"சாம்ப்!"

பாம்பு. "முன்னி கே பாஸ் சாம்ப்!" முன்னிக்குப் பக்கத்தில் பாம்பு.

பாம்பென்றால் படையே நடுங்கும். மேலே நிற்கிறவளுக்குக் கீழே இருக்கிற பாம்பு எப்படித் தெரியும் என்று கணக்குப் பார்க்கப் பெற்றவளுக்கு நேரமேது? ராம்கலி குழந்தையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். அங்கிருந்து அலறினாள். அலறலில் நாலு வீட்டு ஜனம் வெளியே வந்துவிட்டது.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். ஒருவன் தடியை எடுத்துக்கொண்டு வந்து பாயைத் தட்டிப் பாம்பைத் தேடப் போனான். "ஜாவோ மத், போகாதே," என்று இவள் மேலேயிருந்து மன்றாடினாள். பாம்புக்குப் பயப்படுகிறாள் என்று அவன் நினைத்தான். பாயை உதறிப் போட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று கையை விரித்துக்கொண்டு வெளியே வந்தான். கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டுப் பையன் அக்ஷய், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், "ஆன்ட்டி, பயப்படாதீங்க, நான் வந்து எறக்கி விடறேன்," என்று ஏணியைச் சரியாகச் சாத்தி முதல் படியில் காலை வைத்தான். இரண்டாவது படியில் வைத்தான்.

புதுத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அக்ஷய் ஏணியோடு பின்னால் சாய்ந்து தெருவில் விழுந்தான். அந்த நாலடிக் கான்கிரீட், அவசரமே இல்லாமல், முன்பக்கம் தாழ்ந்து, தாழ்ந்து, ஒரேயடியாக இறங்கியது. அடுப்பு, பாய், தகர டப்பா மேலெல்லாம் போய் உட்கார்ந்தது. இந்திராணி நின்ற தளம் ஒரு தடவை உதறியது. அவள் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். புழுதி அடங்கிக் கண்ணைத் திறந்தபோது, முன்பக்கம் வெறும் கம்பிகள் வளைந்து தொங்கின. கீழே சிரித்த கூட்டம் எதிர்ச் சுவர் வரைக்கும் பின்வாங்கியிருந்தது. அக்ஷய்க்கு முழங்கையில் சிராய்ப்பு. மற்றபடி எழுந்து நின்றான்.

பின்பக்கத்துச் சந்து வழியாக வேறு ஏணி கொண்டுவந்து அவளை இறக்கினார்கள். இறங்கியவளை நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பாலசுப்ரமணியம் மீட்டிங்கை விட்டுவிட்டு டாக்சி பிடித்து வருவதாகச் சொன்னார். அதற்குள் வாட்ஸாப்பில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நிலைக்கு ஒரு கீறல்கூட இல்லையாமே, நல்ல முகூர்த்தத்தில் வைத்ததால்தான் உயிர்ச்சேதம் இல்லாமல் போயிற்று என்று ஒரு சித்தி எழுத, கீழே கும்பிடுகிற கைகளாக வந்து குவிந்தன. பக்கத்து வீட்டு அம்மாள், தேவி மாதிரி ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று இவள் தோளைத் தடவினாள். அவர்களை அப்படியே நம்ப விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இந்திராணிக்கும் அந்த நினைப்பு வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

ராம்கலி எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தானை முழுக்கப் புழுதி. இந்திராணி எழுந்து, நடந்து போய், அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தன் ஓட்டை இந்தியைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்:

"பாம்பு இல்ல. பொய் சொன்னேன். கம்பை எடுக்கச் சொன்னது நான்தான். மேஸ்திரி வேண்டாம்னான். நான் அழுது எடுக்க வச்சேன். என் தப்பு."

"தெரியும் பீபிஜி," என்றாள் ராம்கலி. குரலில் கோபம் இல்லை. "நாலு கம்பை நான்தானே தூக்கிட்டுப் போய் அடுக்கினேன். பச்சைத் தளத்துக்கு முட்டுக் கம்பை எடுக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். சின்ன வயசிலேருந்து இதே வேலைதான் செய்யறேன்."

"தெரிஞ்சுமா புள்ளைய அங்க போட்ட?"

ராம்கலி முன்னியைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள்.

"நீங்க பல்லியைப் பார்த்தாலே ஓடற ஆளு," என்றாள். "அன்னைக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு, ஒரு மணி நேரம் அதுக்கு அடியிலேயே நின்னீங்க. ஒரு தடவைகூட மேலே பார்க்கலை. இவ்வளவு பயப்படறவங்களே நிக்கறாங்கன்னா அது கெட்டியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அதனாலதான் பாயைக் கொண்டுபோய் அங்கே விரிச்சேன்."